பிலோமினா கட்டிய மஞ்சள் துணி

பிலோமினா போய்விட்டாள் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் வந்து சொன்னதும் என் கணவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார். எனக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோலை எடுத்து வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மனிதர். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. என்னையும் பிலோமினாவையும் அறிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது.

யுத்த காலத்தில் நாங்கள் கொழும்பில் ஒரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தாதிகள். குண்டு வெடித்த நாட்களில் காயப்பட்டவர்கள் வரும் வாசலில் ஒரு டாக்டரும் ஒரு தாதியும் நிற்பார்கள். சிவப்புத் துணி கட்டினால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். டாக்டர் நிறத்தைச் சொல்வார், தாதி கட்டுவாள். தாதிக்குச் சம்மதமில்லை என்றால் இருவரும் மறுபடி பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்! பயிற்சியில் அவளைவிட எனக்குத்தான் புள்ளி கூட. சிங்களமும் நான்தான் திறமாகப் பேசுவேன். ஆனால் எங்கள் பெரிய டாக்டர் பிலோமினா எங்கே என்றுதான் கேட்பார்.

"சத்தம் போடுறவங்களுக்கு மூச்சு இருக்கு. சத்தம் போடாதவங்களப் பாருங்க" என்பாள். டாக்டர் அதைத் தன் வசனம்போல மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் சொன்ன எதையும் யாரும் அப்படி எடுத்துச் சொன்னதில்லை.

ஒரு நாள் கொள்ளுப்பிட்டியில் குண்டு வெடித்தபோது, அங்கே வேலைக்குப் போன என் கணவரே ஸ்ட்ரெச்சரில் வந்தார். நான் உள்ளே மேசையில் கிடந்த ஒரு சிறுமியின் உயிரைக் காக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. கால் கிழிந்து இரத்தம். டாக்டர் சிங்களத்தில் பெயர் கேட்க, இவர் வாயே திறக்கவில்லை. தமிழ்ப் பெயரைச் சொன்னால் சந்தேகத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். அந்த நாட்களில் நம்மவர் பலர் அப்படித்தான் ஊமையானார்கள். ஆளுக்குச் சுயநினைவில்லை என்று நினைத்த டாக்டர் சிவப்பு என்றார். பிலோமினா கட்டவில்லை. குனிந்து காதுக்குள் தமிழில், "அண்ணே, பயப்படாம சொல்லுங்க, எங்க நோகுது?" என்று கேட்டாளாம். இவர் எல்லாவற்றையும் சொன்னார், என் பெயர் உட்பட. இருவரும் மறுபடி பார்த்ததில், காத்திருக்கலாம் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். யாருடைய கணவர் என்று தெரிந்தும் மஞ்சளைத்தான் கட்டினாள்.

சிறுமிக்கு ஆபத்து நீங்கிய பிறகுதான் பிலோமினா உள்ளே வந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரர் வெளிய இருக்காரு. இப்ப கொண்டு வரச் சொல்றேன்."

"ஏன் எனக்கு உடன சொல்லேல்லை?"

"சொன்னா இந்தப் புள்ளய விட்டுட்டு ஓடி வந்திருப்பீங்க."

கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காயத்துக்கு மருந்து கட்டியது நான், வெள்ளவத்தை வீட்டில் இரவும் பகலும் பார்த்தது நான். வந்தவர்களுக்கெல்லாம் இவர் சொன்னது, காதுக்குள் தமிழில் கேட்ட அந்தத் தாதி மிஸ்ஸைப் பற்றித்தான்.

பிறகு அவள் மாற்றலாகிப் போக, வாசல் எனக்குக் கிடைத்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களெல்லாம் மற்ற மிஸ் எங்கே என்று கேட்டபடி வந்தார்கள் பாருங்கள், அந்த வாசலே கசந்துபோனது.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கணவர் கேட்டார்.

"அண்டைக்கு நீர் வாசல்ல நிண்டிருந்தா எனக்கு என்ன நிறம் கட்டியிருப்பீர்?"

"சிவப்பு" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிறுமியை இறக்கிவிட்டு அவளுடைய மேசையில் இவரை ஏற்றியிருப்பேன். பிலோமினா ஏற்றவில்லை, சிறுமி பிழைத்தாள். அவள் நினைவாக என்னிடம் இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். சாகும்வரை அதை நான் விடப்போவதில்லை.