றுக்ஸானாவிடம் சொல்லாத கம்பி

நிந்தவூரில் கார் ஓட்டும் பெண்கள் இல்லாமலில்லை. ஆனால் சேற்றுச் செருப்போடு வயலுக்குக் கார் ஓட்டிப் போகிறவள் றுக்ஸானா ஒருத்திதான். வாப்பா மக்கீனுக்கு முழங்கால் மடங்காமல் போய், மோட்டார் சைக்கிளில் ஏற முடியாமலாகிவிட்டது. வயல் இருப்பது சவளக்கடையில். மனுசனோ அதைப் போய்ப் பார்க்காவிட்டால் சோறு இறங்காத ஆள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. றுக்ஸானாவின் மாப்பிள்ளை முர்ஷித்துக்குக் கல்முனையில் மின்சாமான் கடை, பகலில் நகர முடியாது. ஆகவே மகள் பழகினாள்.

பழக்கியவன் முர்ஷித்தான். ஒரு தடவைகூடச் சத்தம் போடாமல் பொறுமையாகப் பழக்கினான். அவன் சொல்லித் தந்ததில் அவள் மனதில் நன்றாகப் பதிந்தது ஒன்று.

"பயம் வந்தா வேற ஒண்டும் செய்யாத. அக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. கார் தானா அடங்கும்."

அந்தக் காருக்கு அது சரியான பாடம். உடம்பு சின்னது, இஞ்சின் பெரியது. வளைவில் கொஞ்சம் வேகம் கூடினால் மூக்கு வெளியே போகப் பார்க்கும், காலை எடுத்தால் மறுபடி உள்ளே திரும்பும். றுக்ஸானா அப்படியே ஓட்டினாள். மக்கீன் முன் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, சாலையில் கண்டவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு போவார்.

முர்ஷித்துக்கு அந்தக் கார் வேறு விதத்தில் வேண்டியிருந்தது. வருசத்தில் ஓரிரு தடவை, மருதமுனைக் கூட்டாளி பஸாலோடு தெற்கே பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் போவான். அவ்வளவு தூரம் போய் ஒரே வட்டத்தைச் சுற்றிவிட்டு வருவதில் என்ன கிடக்கு, வயலைச் சுற்றினாலாவது எலி வளை கண்ணில் படும் என்பார் மக்கீன். முர்ஷித் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் வீட்டுக்கு நீளமான பார்சல் ஒன்று வந்தது. திரைச்சீலைக் கம்பி என்று நினைத்துத்தான் றுக்ஸானா வாங்கி வைத்தாள். பிரித்தால் சிவப்புப் பூச்சுப் பூசிய தடித்த இரும்புக் கம்பி, இரண்டு முனையும் வளைந்திருந்தது. ஸ்டெபிலைசர் பார் என்றான் முர்ஷித். இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் கீழால் இணைக்கிற கம்பி அது. வளைவில் கார் ஒரு பக்கம் சாய்வதைப் பிடித்து வைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து முர்ஷித்தும் பஸாலும் காருக்கடியில் படுத்து, பின்பக்கத்து மெல்லிய கம்பியைக் கழற்றி இதைப் பூட்டினார்கள். முனையில் இரண்டு துளை இருந்தது. வெளித்துளையில் பூட்டினால் கம்பி கொஞ்சம் இளகும், உள்துளையில் பூட்டினால் விறைத்து நிற்கும். முர்ஷித் உள்துளையைத்தான் எடுத்தான். பந்தயத் தடத்தில் அது நல்ல வேலை செய்தது. மூக்கு வெளியே ஓடாமல், வால் திரும்பிக் கொடுத்தது. ஆனால் வளைவின் நடுவில் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாரம் முன்னுக்குப் போய், பின்சக்கரங்கள் பிடி விட்டு, கார் சுழன்றுவிடும்.

"றோட்டுக்கு வரக்குள்ள பழைய கம்பியப் போட்டுரு மச்சான்" என்றான் பஸால்.

"ஓம் ஓம்" என்றான் முர்ஷித்.

போடவில்லை. அடுத்த பந்தயம் நெருங்கிக் கிடந்தது. கழற்றிப் பூட்டிக் கழற்றுவானேன் என்று விட்டுவிட்டான். ஒரு கேத்தலை விற்றால்கூட எந்தப் பிளக்கில் சொருக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறவன், மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: "பின்னால ஒரு கம்பி மாத்தின. இனிக் கார் சாயாது." வாப்பாவுக்குக் குலுக்கம் குறையும் என்று அவளும் சந்தோசப்பட்டாள்.

அறுவடைக் காலம் வந்தது. சவளக்கடையிலிருந்து திரும்பி வரும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"சுறுக்காப் போ மகள். நெல்லு நனையப் போகுது" என்றார் மக்கீன்.

அவள் கொஞ்சம் வேகம் கூட்டினாள். கிட்டங்கிப் பக்கம் வரும் வழியில், வலப்பக்கம் திரும்புகிற வளைவு ஒன்று. பாதி திரும்பிய பிறகுதான் கண்டாள், சாலையின் இந்தப் பாதியில் யாரோ நெல் பரப்பியிருந்தார்கள். பயம் வந்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை. காலை எடுத்தாள்.

கார் அடங்கவில்லை. பின்பக்கம் நெல்லில் ஏறி இடப்பக்கமாகச் சுழன்றது. வாய்க்கால் மதகின் கட்டில் மோதியது வாப்பாவின் பக்கம். அவளுக்குக் கை முறிந்தது. மக்கீன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

காரைப் பரிசோதித்தவர்கள் பிரேக் சரி, டயர் சரி, வாகனத்தில் குறையில்லை என்றார்கள். அப்படியானால் குறை யாரில்? மௌத்து வீட்டுக்கு வந்த பெண்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள். பொம்புளைக்கு என்னத்துக்கு ஸ்டியரிங் என்றார்கள், அவள் காதில் விழும்படியே. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கணவனை இழந்து அறைக்குள்ளேயே இத்தா இருந்த உம்மா சபூறா மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஏசவுமில்லை, அழவுமில்லை. சோற்றுக் கோப்பையை நீட்டினால் வாங்குவார், முகத்தைப் பார்க்க மாட்டார். றுக்ஸானாவுக்கு அதுதான் தாங்கவில்லை. குசினியில் நின்று, வாப்பாவைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாள்.

வெளியூர் போயிருந்த பஸால் பிந்தித்தான் வந்தான். விறாந்தையில் முர்ஷித்தோடு இருந்தவனுக்கு அவள் ஒற்றைக் கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கையை விசாரித்தான், வாப்பாவுக்குத் துஆச் செய்தான். பிறகு தயங்கிக் கேட்டான்.

"ராத்தா, வளைவுல காலை எடுத்தீங்களா?"

"ஓம். இவர் அப்பிடித்தானே பழக்கித் தந்தவர்."

பஸால் முர்ஷித்தைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், அந்தக் கம்பி?"

முர்ஷித் தரையைப் பார்த்தான்.

"கம்பிக்கு என்ன?" என்றாள் றுக்ஸானா. பஸால் எழும்பப் பார்த்தான். அவள் விடவில்லை. சொல்லிவிட்டுப் போங்க என்றாள். அவன் சொன்னான், சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. நான் இல்லை, நான் இல்லை என்ற ஒரே நினைப்பு. மூச்சு விடக்கூட இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "முதல் நாளே தெரியும்."

"கத்ர் அது. எழுதினது நடந்திச்சி. இப்ப சொல்லி என்ன, வாப்பா வரப்போறாரா?"

"உம்மாக்கிட்டச் சொல்லுங்க."

"இது உங்கட வீடு, றுக்ஸானா. சொன்னா நான் எங்க போற?"

"நான் சொன்னா சாட்டுச் சொல்றன் எண்டுதான் நினைப்பாங்க. நீங்க சொல்லணும்."

அஸர் தொழுதுவிட்டு அவன் உம்மாவின் அறைக்குப் போனான். அவள் வாசல் சீலைக்கு வெளியே நின்றாள். அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து நார் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மகன்?" என்றார் சபூறா.

"மாமி..." என்றான். "றுக்ஸானாவ மன்னிச்சிடுங்க மாமி. தெரியாமச் செஞ்ச புள்ள. நீங்க கதைக்காம இருக்கிறது அவளுக்குத் தாங்க ஏலாது."

அவ்வளவுதான் சொன்னான். றுக்ஸானா காத்து நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

உள்ளே உம்மா அழத் தொடங்கினார். வாப்பா போன நாளுக்குப் பிறகு இப்போதுதான் அழுகிறார். "உங்கட முகத்துக்காக மகன், உங்கட முகத்துக்காக" என்றார். பிறகு கூப்பிட்டார். "றுக்ஸானா. இஞ்ச வா மகள்."

அவள் உள்ளே போனாள். முர்ஷித் தலை நிமிரவில்லை. உம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார். "இப்பிடி ஒரு மாப்பிள்ளை கிடைச்சதுக்கு நீ அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்யணும்" என்றார்.

சொல்ல வேண்டியது முழுவதும் அவள் வாயில் இருந்தது. சொன்னால் உம்மாவின் கை நின்றுவிடும், திரும்ப வருமோ வராதோ தெரியாது. அந்தக் கை அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் வாயைத் திறக்காமல் உம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.