வேன் அக்கா வாங்காத வீடு

தெருவுக்கே அவர் வேன் அக்கா. பத்தொன்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், யாரும் மறுத்ததில்லை. கணவர் வெல்டர். வீட்டுக் கடன் அவர் பெயரில் கிடைத்ததால் வீடும் அவர் பெயரிலேயே நின்றது. தவணையில் பாதி, வேன் ஓடிய காசு. ஆனாலும் எந்தக் காகிதத்திலும் அக்கா இல்லை.

கடைசித் தவணை முடிந்த வாரமே வெல்டர், "இனிமே வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கணும்" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. துடைத்த வேனையே திரும்பத் துடைத்தார்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வரிச் சீட்டை நீட்டியதும் அந்தச் சந்தோஷம் பொசுக்கென்று போனது. வேனை விற்றால்தான் கட்ட முடிகிற தொகை.

"பொண்டாட்டி பேரைச் சேக்கவா இவ்வளவு?" என்றார் வெல்டர்.

"சேக்கறதுக்கு இல்லைங்க. பாதி வீட்டை நீங்க வித்திருக்கீங்க. அதுக்குத்தான்."

"நான் எங்க வித்தேன்?"

எழுத்தர் மனுவில் விரலை வைத்தார். 'பாதி வீட்டுக்கான பணத்தை என் மனைவியிடம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்.' மனைவிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று வெல்டர் மூன்று நாள் யோசித்துத் தன் கைப்பட எழுதியது.

"இதை எடுத்துட்டு, சும்மா குடுக்கறதா எழுதுங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள அதுக்கு வரி இல்லை. பதிவுக் கட்டணம் மட்டும்தான்."

"சும்மா குடுக்க நான் யாரு? அது அவ உழைப்பு." வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிடி உடும்புப் பிடி.

அக்காவுக்குப் பெயரும் வேண்டும், வேனும் வேண்டும். ஆனால் பொய் எழுதி வாங்க மனம் வரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். தவணை நேரா பேங்குக்குப் போச்சு. இவர் கையில நான் குடுத்தது சாப்பாட்டு டப்பா மட்டும்தான். என் வீட்டை நானே எதுக்கு விலைக்கு வாங்கணும்?"

எழுத்தர் சிரித்துவிட்டார். "அப்ப விற்பனையே நடக்கலைம்மா. பணம் வாங்கினேன்னு இவர் எழுதினதுதான் தப்பு."

"அப்ப உன் உழைப்பு பத்திரத்துல வராதே" என்றார் வெல்டர், குரல் இறங்கி.

"உங்க உழைப்பு மட்டும் வருதாக்கும்? நீங்க கம்பி வெச்ச ஜன்னல் பத்திரத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க பாப்போம்."

வெல்டர் எழுத்தரிடம் பேனாவை வாங்கி, தான் எழுதியதைத் தானே அடித்தார். கட்டணம் ஒரு மாத டீசல் செலவோடு முடிந்தது. அக்கா ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு வீட்டு வரிச் சீட்டு இரண்டு பெயரிலும் வந்தது. அக்கா இஸ்திரி போட்ட உடுப்போடு போய் முதல் ஆளாக வரிசையில் நின்றார். தான் உயிரோடு இருந்தவரை வெல்டரை அதைக் கட்டவிட்டதே இல்லை.

"என் வீட்டு வரி. நான்தான் கட்டுவேன்" என்பார்.