ஏற்றத்தில் எண்ணூறு சிசி

என் தங்கை வீட்டுக்காரரை டிரைவர்கள் மத்தியில் ‘மூணு லிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கிறவர்கள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்ப்பதுண்டு. மனுஷன் டீயையே அரை கிளாஸ்தான் குடிப்பார். இருபத்திரண்டு வருஷம் அவர் ஓட்டியது ஒரு மில் முதலாளியின் மூன்று லிட்டர், அதாவது மூவாயிரம் சிசி, இன்ஜின் வைத்த டீசல் வண்டி. அதைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டார். அப்படி வந்த பெயர்.

“முன்னாடி லாரி போவுதா மச்சான், மூணாவது கியர்லயே இருந்துக்கிட்டு கால் விரலை லேசா அமுக்குனா போதும். லாரி பின்னாடி போயிடும். நாம தாண்டுன மாதிரியே இருக்காது” என்பார். ஏற்றமாக இருந்தாலும், வண்டி நிறைய ஆள் இருந்தாலும் அப்படித்தானாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

முதலாளி மில்லை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். வண்டியும் போனது, வேலையும் போனது. அதே வருஷம், ஒரே மகள் ஐந்தாவது படிக்கும்போது, என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு துவண்டுபோய் வருகிறவளை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்ல முடியுமா? சொந்தமாக ஒரு கார் வேண்டியதாயிற்று.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். நான் டெய்லர். கார் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் ஏறினால் வேட்டி கதவில் மாட்டக்கூடாது என்பது மட்டும்தான். பழைய கார் விற்கிற இடத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஆயிரத்து ஐந்நூறு சிசி, இன்னொன்று எண்ணூறு. லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, சிலிண்டர் பெரிசா இருந்தா ஒரு இழுப்புல நெறைய காத்தும் பெட்ரோலும் உள்ள போகும். அதனால இழுவை நல்லா இருக்கும். இது சின்னது. கொஞ்சமா குடிக்கும், கொஞ்சமாத்தான் இழுக்கும். சமமான ரோட்டுல ராஜா. ஏத்தத்துல ஆளை ஏத்திக்கிட்டு ஏசியையும் போட்டீங்கன்னா நாக்கு தள்ளிடும்.”

பெரிய வண்டியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். “ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம், ரேஸுக்கு இல்ல” என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. வேலை போன நேரம். மச்சானை எதிர்த்துப் பேச அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஊருக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மலை ஏறத் தொடங்கியதும் அதன் குரலே மாறியது. இன்ஜின் கத்தும், வேகம் மட்டும் ஏறாது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, இருக்கிற தெம்பும் குறையும். நான் பீற்றிக்கொண்ட மைலேஜும் அங்கே செல்லாக்காசு. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தி வைத்தால் சின்ன இன்ஜினுக்கும் பெரிய பசி வந்துவிடும். சமதளத்தில் லிட்டருக்கு இருபது போன வண்டி ஏற்றத்தில் பன்னிரண்டைத் தாண்டவில்லை. நான் பின்சீட்டில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

அன்று திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாள் சிகிச்சை இல்லாததால் தங்கைக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. மூச்சு முட்டுகிறது என்று ஏசியைப் போட்டிருந்தோம். பதினொரு மணிக்குள் போகாவிட்டால் அவள் நேரத்தில் வெட்டிவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நேரான ரோடு வந்தது. எதிரே யாரும் இல்லை. மாப்பிள்ளை வலது பக்கம் ஒதுங்கி லாரியைத் தாண்டப் போனார்.

மூன்றாவது கியரில் போனார். கால் விரலை அமுக்கினார். வண்டி லாரியின் நடுப்பகுதி வரை போனது; அதற்கு மேல் நகரவில்லை. லாரியும் நாங்களும் கல்யாண ஊர்வலம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். அப்போது மேல் வளைவிலிருந்து ஒரு பஸ் இறங்கியது.

பின்வாங்கலாம் என்றால், நாங்கள் விட்ட இடத்தில் ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்காரர் கை எடுக்காமல் ஹாரன் அடித்தார். தங்கை என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன. மாப்பிள்ளை சட்டென்று ஏசியை அணைத்து, இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தார். இன்ஜின் அலறியது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போனது. லாரிக்காரர் புண்ணியவான், பிரேக் போட்டு இடம் விட்டார். நாங்கள் உள்ளே நுழையவும் பஸ் எங்களை உரசுவது போலக் கடந்து போகவும் சரியாக இருந்தது.

அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டினார். கழுத்தெல்லாம் வியர்வை.

“என் கால் இன்னும் அந்த வண்டியிலதான் இருக்கு, மச்சான்” என்றார். “எவ்வளவு இடம் இருந்தா தாண்டலாம்னு என் கண்ணு போடுற கணக்கெல்லாம் மூணு லிட்டர் கணக்கு. இந்த வண்டியில அது செல்லாது.”

“கத்துக்கிட்டா போச்சு, மாப்பிள்ளை.”

“கத்துக்கிறதுக்குள்ள இவ பின்னாடி உக்காந்திருக்காளே.”

நான் தங்கை பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

அன்று எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் புதன்கிழமை அவர் எந்த லாரியையும் தாண்டவில்லை. ரோடு காலியாகக் கிடந்தும் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே முன்னால் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி பன்னிரண்டே கால். “மூணு மணிக்கு அடுத்த பேஷண்ட் இருக்காங்கம்மா, ரெண்டரை மணி நேரம்தான் போட முடியும்” என்றார் நர்ஸ். மறுநாள் காலை தங்கையால் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்துச் சாய்ந்துகொண்டே மூச்சு வாங்கினாள். வண்டியை மாற்றும் வசதி எங்கள் யாருக்கும் இல்லை. பயந்து ஓட்டினாலும் ஆபத்து, துணிந்து ஓட்டினாலும் ஆபத்து. அந்த ஆபத்தை மைலேஜ் பார்த்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒரு லாரி. மாப்பிள்ளை அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். மணி பத்தரை.

“ஏங்க, தாண்டுங்க” என்றாள் தங்கை.

“பயமா இருக்கும்மா.”

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

“எனக்கும்தான் பயம். அந்த மெஷினுக்குப் போய்ச் சேரலன்னா அதைவிடப் பயம். ஏசியை அமத்துங்க. நான் தாங்கிக்கிறேன்.”

அவர் ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கவில்லை, புகை உள்ளே வரும். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு, இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கத்தவிட்டு, வேகம் எடுத்த பிறகுதான் வெளியே வந்தார். தங்கை காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி பின்னால் இருந்தது. அதற்கப்புறம் இன்னும் மூன்று லாரிகள். மூன்று தடவையும் நான் கண்ணை மூடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவளை உள்ளே அனுப்பினோம். நாலு மணி நேரமும் முழுசாகக் கிடைத்தது. டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று வந்தால், மாப்பிள்ளை டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

“திங்கக்கிழமை நீங்க வர வேணாம், மச்சான்.”

“ஏன்?”

“எழுபத்தெட்டு கிலோ இருக்கீங்க. இந்த இன்ஜினுக்கு அது பெரிய சுமை.”

“டெய்லரை உக்கார வச்சே வேலை வாங்குறாங்க, எங்கேருந்து மெலியறது?” என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அதுவும் ஒரு காரணம்தான்” என்றார். “மூணு பேரும் ஒரே வண்டியில ஏற வேணாம். பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வருவா. வீட்டுக் கதவைத் திறக்க ஒருத்தராவது இருக்கணும்ல.”

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் போவதில்லை. ஒன்பதரைக்குக் கிளம்புகிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அவள் போன் செய்யும்வரை என் தையல் மெஷினை நான் மிதிப்பதில்லை.