அமைச்சர் எழுவதற்குள் ஒரு மேசை

சட்டமன்றத்தில் ஓர் அமைச்சர் வாசித்த ஒற்றை வரிக்காக என் முன்னறையை இரண்டு மாதம் பறிகொடுத்தவள் நான். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்த கோபத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை என் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது நான் ஏழாயிரம்பண்ணைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் கிராம சுகாதார செவிலியர். ‘துணை சுகாதார நிலையம்’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இரண்டே அறைகள். முன்னறையில் எடை பார்க்கும் மெஷின், ஒரு மேசை, ஒரு பெஞ்சு. பின்னறையில் கட்டில். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் ஒரு ஏட்டு, அவர் தோளில் ஒரு பலகை. பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஏட்டின் காது நீலமாக இருந்தது. பலகையில் ‘புறக்காவல் நிலையம்’ என்று எழுதியிருந்தது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணும் ஆகல சிஸ்டர்,” என்றார் இன்ஸ்பெக்டர். “காலையில சட்டசபையில இந்த ஊரப் பத்தி ஒரு கேள்வி. இங்கன புறக்காவல் நிலையம் இயங்குதான்னு எம்.எல்.ஏ. கேட்டுட்டாரு. இயங்குதுன்னு அமைச்சர் பதில் சொல்லிட்டாரு.”

“எங்க இயங்குது?”

“இங்கனதான்,” என்று என் எடை மெஷினைக் காட்டினார்.

விஷயம் இதுதான். எப்போதோ இந்த ஊருக்குப் புறக்காவல் நிலையம் ஒன்றை அனுமதித்து உத்தரவு போட்டிருக்கிறார்கள். உத்தரவு வந்தது, நிலையம் வரவில்லை. கேள்வி வந்ததும் யாரோ கோப்பைத் திறந்து உத்தரவைப் பார்த்து, ‘இயங்கி வருகிறது’ என்று பதில் எழுதிவிட்டார்கள். சட்டத்துக்கும் காவலுக்கும் சபையில் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர், கையில் கொடுத்ததை எழுந்து நின்று வாசித்துவிட்டார். சபையில் அமைச்சர் தவறான தகவல் தந்தார் என்று ஆகிவிட்டால் அது உரிமை மீறல் பிரச்சினை. வாசித்த வரியை மாற்ற முடியாது. ஆகவே ஊரை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டால், ஊரில் ஃபேன் சுற்றுகிற ஒரே அரசாங்கக் கட்டடம் என்னுடையது.

என் மேலதிகாரி டாக்டருக்கு போன் போட்டேன். “அமைச்சரே சொல்லிட்டாருன்னா நாம என்னம்மா செய்ய முடியும்?” என்று அவர் வைத்துவிட்டார்.

ஏட்டு சாத்தூர்க்காரர். ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோ பாக்கி. நல்ல மனுஷன், அதுதான் தொல்லை, சண்டை போடவும் முடியவில்லை. காலையில் வந்து என் மேசையின் ஒரு பாதியில் லத்தியை வைப்பார், மறுபாதியில் நான் சத்து மாத்திரைகளை வைப்பேன். வேலை இல்லாத மனுஷன் என்ன செய்வார்? தினமும் எடை பார்த்துக்கொண்டார். தினமும் பி.பி. பார்க்கச் சொன்னார். முதல் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு கர்ப்பிணி கூட வாசற்படி ஏறவில்லை.

அவர்கள் வராததில் ரகசியம் ஒன்றும் இல்லை. சீசன் நேரம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் வெடிகளைச் சரமாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டின் வேன் வந்து லோடு இறக்கிவிட்டுப் போகும். பின்னி முடித்ததும் வந்து ஏற்றிக்கொள்ளும். பட்டாசு வேலையை உரிமம் வாங்கிய கம்பெனிக்குள்தான் செய்யலாம். வீட்டில் செய்தால் கைது. விரலில் வெடிமருந்துக் கறையோடு போலீஸ் மேசைக்கு எவள் கையை நீட்டுவாள்?

மாதம் முடிந்தது. ஏட்டு தன் ரிஜிஸ்டரில் ‘புகார்கள்: இல்லை’ என்று எழுதினார். நான் என் ரிஜிஸ்டரில் ‘வந்த கர்ப்பிணிகள்: இல்லை’ என்று எழுதினேன். அவருக்கும் எனக்கும் ஒரே சைபர். அமைதியைக் காத்ததற்காக அவரைப் பாராட்டினார்கள். எனக்கு மெமோ வந்தது.

மெமோ கிடக்கட்டும். எனக்குக் கவலை ஒருத்தியைப் பற்றித்தான். இருபத்துமூன்று வயசு. முதல் பிரசவத்தில் வலிப்பு வந்து பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவையும் ஆறாம் மாதத்திலேயே பி.பி. ஏறத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஆளைக் காணோம். நானே வீட்டுக்குப் போனேன். கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றாள்.

“கதவத் திற புள்ள.”

“மாட்டேன் நர்சம்மா. நீங்க ஸ்டேஷன்ல இருந்து வாரீக.”

“நான் எங்க ஸ்டேஷன்ல இருந்து வாரேன்? ஸ்டேஷன்தான் எங்கிட்ட வந்து உக்காந்திருக்கு!”

“உள்ள முழுக்க லோடு கெடக்கு. பாத்தா நீங்க சொல்லித்தான ஆகணும்? பாக்காமப் போங்க.”

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்; நான் தெருவில் நின்றபடி பி.பி. பார்த்தேன். வாரம் இரண்டு தடவை இப்படி. தெருவில் போகிறவர்கள் நான் வளையல் விற்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். எட்டாம் மாதம் நூற்றறுபதைத் தொட்டது. மாத்திரையைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் படுக்க வா என்றால், “லோட விட்டுட்டு எப்படி வாரது? புருசன் லாரியில வெளியூரு. தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?” என்றாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது அங்கிருந்தே தெரிந்தது. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது நான் அவள் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் சிவகாசியில் எங்கள் திருச்சபைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். முதல் கேள்வியைக் கேட்ட அதே எம்.எல்.ஏ. சாப்பிட வந்திருந்தார். கை கழுவும் இடத்தில் அவரை மடக்கினேன். உங்கள் கேள்வியால் என் முன்னறை போய்விட்டது, கர்ப்பிணிகள் வருவதில்லை என்று கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையான மேட்டர் சிஸ்டர்! அந்தப் பொம்பளைக ஏன் போலீசுக்குப் பயப்படுறாக?”

“வீட்டுக்கு வீடு வெடி பின்னுறாகல்லா, அதான்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஈரக் கையோடு அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்.

பத்து நாளில் கேள்வி வந்தது. ஏட்டு போனை நீட்டினார். மூன்று பிரிவு. புறக்காவல் நிலையம் சுகாதார நிலையத்துக்குள் இயங்குவதை அரசு அறியுமா? ஆம் எனில், வேறு கட்டடத்துக்கு மாற்றுமா? இதுவரை என் மனசு குளிர்ந்தது. மூன்றாவது: அவ்வூரில் வீடுகளில் உரிமமின்றிப் பட்டாசு வேலை நடப்பதை அரசு அறியுமா? இரண்டு கேட்டவளுக்கு மூன்றாவதை இலவசமாகப் போட்டிருந்தார்.

“சாயங்காலத்துக்குள்ள இங்கயிருந்து பதில் போகணுமாம்,” என்றார் ஏட்டு. “எனக்கு இந்த எழுத்தெல்லாம் வராது. நீங்கதான் மாசா மாசம் ரிப்போர்ட் எழுதுறீக. எழுதிக் குடுங்க சிஸ்டர்.”

அமைச்சர் சொல்லப்போகும் பதிலை, தடுப்பூசி அட்டவணைக்குப் பின்பக்கத்தில் நான் எழுதினேன். முதல் பிரிவுக்கு: ‘இல்லை. புறக்காவல் நிலையம் ஊராட்சியின் பழைய நூலகக் கட்டடத்தில் இயங்கி வருகிறது.’ எழுதியபோது அந்தக் கட்டடத்தில் ஒரு கேரம் போர்டும் எலிகளும்தான் இயங்கி வந்தன. இரண்டாம் பிரிவுக்கு: ‘வினா எழவில்லை.’ மூன்றாவதில் பேனா நின்றது.

“ஆமான்னு எழுதினா,” என்றார் ஏட்டு மெதுவாக, “ரெண்டு மாசமா நீ அங்கன உக்காந்து என்ன செஞ்சன்னு மொதல்ல என்னையக் கேப்பாக. அப்புறம் வீடு வீடா ஏறணும். உங்க அந்தப் புள்ள வீட்டுலதான் லோடு சாஸ்தி.”

எட்டு மாத வயிற்றோடு அவள் ஜீப்பில் ஏறுவதை நினைத்தேன். ‘அவ்வாறான பணி எதுவும் அவ்வூரில் நடைபெறவில்லை’ என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்று மேலே அனுப்பினார்.

மேசையை அன்றைக்கே மாற்றியிருக்கலாம். நூலகச் சாவி ஊராட்சிச் செயலரிடம் இருந்தது. செயலர் குடும்பத்தோடு திருச்செந்தூரில் இருந்தார். அவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து இறங்கியது, கேள்வி சபையில் வருகிற அன்று காலை பத்து மணிக்கு. சபை கூடிவிட்டது. எங்கள் கேள்வி ஆறாவது. ஏட்டு ஒரு முனையையும் செயலர் மறுமுனையையும் பிடித்து மேசையைத் தூக்கினார்கள். பலகை என் தலையில். ஏட்டின் சட்டைப்பையில் ஸ்பீக்கர் போட்ட போன். அதில் இன்ஸ்பெக்டரின் குரல்.

“மூணாவது கேள்வி முடிஞ்சது. எங்கய்யா இருக்க?”

“டீக்கடைகிட்டங்கய்யா.”

“அஞ்சாவது ஓடுது!”

“வாசல்ல நிக்கோம்யா. மேசை நுழைய மாட்டேங்கு.”

“அமைச்சர் எந்திரிச்சுட்டாரு!”

மேசையின் இரண்டு கால் நூலகத்துக்குள்ளும் இரண்டு கால் தெருவிலும் இருந்தன. “உள்ள வந்துருச்சுங்கய்யா,” என்றார் ஏட்டு. அமைச்சர் அந்த நேரத்தில் சொன்னது பாதி உண்மை என்பதற்கு நான் சாட்சி.

மூன்றாவது பிரிவையும் மெய்யாக்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வரக்கூடும் என்று விடியும்போதே போலீஸ்காரர்களே ஏஜெண்டுக்குச் சொல்லியிருந்தார்கள். வேன் வந்து வீடு வீடாக லோடு முழுவதையும் அள்ளி, ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் இறக்கியிருந்தது. பக்கத்து ஊரைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

எனக்கு இது பலகையை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. காலி வீட்டின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முதன்முறையாக ஜன்னல் கம்பி இல்லாமல் பி.பி. பார்த்தேன். நூற்றெழுபது, நூற்றுப்பத்து. தலை வலிக்குது, கண் மங்குது என்றாள். காவல் காக்க அவளுக்கு இப்போது எதுவும் இல்லை. 108-ஐ வரவழைத்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர். வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் முதலில் கேட்டது, “லோடத் திரும்பக் கொண்டாருவாகளா நர்சம்மா? இல்ல, வேற ஊருக்குக் குடுத்துருவாகளா?”

“கொண்டாருவாக,” என்றேன். அந்த மாதம் முழுவதும் நான் சொன்னதில் மெய் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை என் பெஞ்சு நிறைந்தது. எட்டாம் நாள் அவளையும் பிள்ளையையும் நானே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்பே லோடு வந்து வாசலில் அடுக்கியிருந்தது. வயிற்றில் தையல் ஆறாத பெண், பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முதல் மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஊரில் அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை என்று என் கையால் எழுதி, அமைச்சர் வாயால் சொல்ல வைத்தவள் நான். இனி யாராவது வந்து கேட்டாலும் பதில் அதுதான். எந்த முகத்தோடு தடுப்பேன்?

“ஒரே ரூம்பு. இம்புட்டையும் எங்க வைக்கப் போற?” என்று மட்டும் கேட்டேன்.

“தொட்டிலுக்கு அடியிலதான் எடம் இருக்கு நர்சம்மா,” என்றாள்.