வண்டி நிற்காத கடற்கரை

நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தீபாவளி நினைவுக்கு வரும், எனக்குக் கோபம் வரும். அதுவும் உச்சியில் வழிய வழிய வைத்து, சீயக்காய் போடாமல், வெறும் குளத்துத் தண்ணீரில் முங்கி எழுந்த தலையில் மிச்சமிருக்கும் அந்தப் பிசுபிசுப்பு வாசம் என்றால் கேட்கவே வேண்டாம். நடு வயதைத் தாண்டிய ஒரு பெண் இதற்கெல்லாம் குமைந்துகொண்டிருப்பது அழகல்ல என்று எனக்கே தெரியும், தெரிந்தும் குமைகிறேன். அந்த வாசத்தோடுதான் நான் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய், கடலைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

நாமக்கல்லை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராது. கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையும் சோளக்காடும் வரும். தெற்கே போனால் மோகனூர்க் காவிரி வரும், அதுவும் தண்ணீர் விட்டால்தான் காவிரி, இல்லாவிட்டால் மணல். நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர் அவ்வளவுதான். ஆனால் என் அப்பா பார்க்காத கடல் கிடையாது. வடநாட்டு ‘லைன்’ ஓடும் லாரி டிரைவர் அவர். துறைமுகம் துறைமுகமாகப் போய்ச் சரக்கு இறக்கிவிட்டு, எப்போதாவது வீட்டுக்கு வந்து, பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “கடல்னா அது ஒரு பக்கந்தான் சாமி இருக்கும், இன்னொரு பக்கமே இருக்காது” என்பார். இன்னொரு கரை இல்லாத தண்ணீரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு வம்பை நான் இழுத்து வைத்திருந்தேன். கடல் தண்ணீர் உப்பு என்று டீச்சர் நடத்தியபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. அவ்வளவு உப்பை யார் போட்டார்கள் என்று கேட்டார்கள். எங்கப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகப் போகிறார், ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருகிறேன், எல்லோரும் நக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அம்மாவிடம் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றை வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, புத்தகப் பைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பயணம் கூடி வந்தது என் பாட்டிலுக்காக அல்ல, பெரியப்பாவின் கோழிகளுக்காக. அப்பாவுக்கு அண்ணனான அவருடைய பண்ணையில் அந்த வருஷம் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு அஷ்டமத்துச் சனி, திருநள்ளாறு போய் முழுகிவிட்டு வா என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சனி பிடித்தால் குடும்பமே ‘டூர்’ கிளம்பிவிடும். அப்பாவும் அப்போது ஊரில் இருந்தார். அவருக்குத் தெரிந்தவரின் வேனைப் பேசி, அவரே ஓட்டுவதென்று முடிவாயிற்று.

அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னாள். அவ்வளவு தூரம் போகிறோம், கடல் கிட்டத்தில்தானே இருக்கிறது, அவளும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. அப்பா உடனே வழி போட்டுவிட்டார்: மாயவரத்திலிருந்து முதலில் பூம்புகார், நம்ம மோகனூர்த் தண்ணீர் கடலில் போய்ச் சேருகிற இடம், அங்கிருந்து தரங்கம்பாடி, வெள்ளைக்காரன் கட்டிய பழைய கோட்டை, கரையிலேயே ஒரு சிவன் கோயில், கால் நனைக்க மணல், எல்லாம் முடித்துக்கொண்டு சாயங்காலம் திருநள்ளாறு, அப்புறம் நேராக வீடு. எத்தனை அருமையான திட்டம் என்று இன்றைக்கும் நினைத்து நினைத்து வயிறெரிகிறேன்.

வேனில் எனக்குக் கிடைத்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவின் பிள்ளைகள் என்னைவிடப் பெரியவர்கள், ஜன்னலோரமெல்லாம் அவர்களுடையது. கடைசி வரிசையில் வலது மூலையில், ஸ்டவ்வுக்கும் புளிசாத அண்டாவுக்கும் சுருட்டி வைத்த ஜமக்காளத்துக்கும் நடுவே நான், மடியில் ஊறுகாய் பாட்டில். பக்கத்து ஜன்னலை ஜமக்காளம் அடைத்துக்கொண்டது. பின் கண்ணாடியில் வெளியே தெரிகிற மாதிரி முருகன் படம் முழுசாக ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் முருகனின் முதுகுதான்.

மாயவரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. டீக்கடையில் யாரோ ஒருவர், சனிக்கிழமையாயிற்றே, நேரம் போகப் போகத் திருநள்ளாற்றில் வரிசை நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப சாமிய மொதல்ல பாத்துப்போடலாம்டா. கடல் என்ன ஓடியா போயிரும்?”

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசும் வழக்கம் அப்பாவிடம் இல்லை. “சரிங்கண்ணா” என்று சாவியைத் திருப்பினார். எங்களில் ஒருவருக்கும், ஆமாம் ஒருவருக்கும், அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை. அம்மாவுக்குக்கூட. முதலில் கோயில், பிறகு கடல், அதுவும் நல்லதுதான், வெயில் தாழக் கால் நனைக்கலாம் என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

குளத்தில் எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வைத்து முக்கியெடுத்தார்கள். கட்டியிருந்த பழந்துணியை அங்கேயே விட்டோம். வரிசையில் நின்று, எள் விளக்குப் போட்டு, கும்பிட்டு வெளியே வந்து, புளிசாதத்தைத் தையல் இலையில் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா சாவகாசமாகச் சொன்னாள்.

“இனி எங்கியும் எறங்கக் கூடாதுங்க. இங்க கும்புட்டா நேரா ஊட்டுக்குத்தான் போவோணுமாம். நடுவுல எறங்குனா, உட்டுட்டு வந்தது மறுக்காப் பின்னாலயே வந்துருமாமா.”

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால்தான் அப்பா இந்தக் கோயிலைக் கடைசியில் வைத்திருந்தார். டீக்கடையில் அது எங்கே போயிற்று என்றுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா கையில் சாதக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஏனக்கா, இத மாயவரத்துலயே சொல்றதுக்கென்ன?”

“அங்க ஆரு கேட்டீங்க?” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா இலையை மடித்தபடி, “செத்த கோழி செத்ததோட போவட்டும். இருக்கறதையாவது காப்பாத்தோணுமில்ல?” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. பண்ணைக்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். ஆனால் நான் அப்போது சிறுமி, எனக்குக் கோழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்றில்கூட ஏதோ ஈரம் தெரிகிறது, நாங்களோ கைகழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் அப்பா, வாழ்நாளில் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத மனிதர், தலையைச் சொறிந்துகொண்டே ஒரு சட்டம் பேசினார்.

“எந்த ரோட்டுல போனாலும் ஊட்டுக்குத்தானுங்கண்ணா போறோம். தரங்கம்பாடி வழியாப் போனாலும் மாயவரந்தான் வருது. எறங்கத்தான கூடாது? நான் நிறுத்தவே மாட்டனுங்க, உருட்டிட்டே போறேன். புள்ளைக உள்ள இருந்தே பாத்துக்கட்டும்.”

பெரியப்பா நெடுநேரம் யோசித்தார். சக்கரம் நிற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

தரங்கம்பாடிக்குள் நுழையும் பழைய வாசலைத் தாண்டியதும் வேன் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கோட்டைச் சுவரின் ஒரு மூலை, யாருடைய கக்கத்துக்கோ அடியில், தெரிந்து மறைந்தது. தெருமுனையில் திறந்த மண்தரை, அதில் அப்பா வண்டியை வளைத்தார். கடல் இடது பக்கம் வந்ததாம். “ஐயோ, எவ்வளவு பெருசு!” என்று அண்ணன்மார் கத்தினார்கள். நான் அண்டா மேல் ஏறினேன், மூடி வழுக்கியது, பெரியம்மா, “சாதத்துல காலு வெக்காத அம்மிணி” என்று பிடித்து உட்கார்த்தினாள். திரும்பவும் எழுவதற்குள் வண்டி ஊரைப் பார்க்கத் திரும்பிவிட்டது. கடல் இப்போது பின்னால் இருந்தது, பின்னால் முருகன் இருந்தார். மயில் தோகைக்கும் வேலுக்கும் இடையில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்த இடத்தில் கண்ணை வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ பளபளத்தது. அது கடலா, வானமா, கண்ணாடியில் பட்ட வெயிலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

“சாமீ, கடல் தெரிஞ்சுதா?” என்று அப்பா முன்னாலிருந்து சத்தமாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன்மார் எல்லோரும் சேர்ந்து, “தெரிஞ்சுதுங்க!” என்று கூவினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

கும்பகோணம் வந்ததும் பெரியப்பா டீக்கு நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இறங்கிக் காலை நீட்டி முறித்தார்கள். “டீக்கு எறங்குனா மட்டும் சனி வராதாக்கும்?” என்று அம்மா வேனுக்குள்ளிருந்தே கேட்டாள். அது அவசரமாம், தோஷமில்லையாம். அம்மா கடைசிவரை இறங்கவில்லை, டீயும் குடிக்கவில்லை. நானும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தை நாங்கள் இருவரும் ஊர் வரைக்கும் பேசாமலே தூக்கிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை வகுப்பில் காலிப் பாட்டிலைப் பற்றி விளக்கம் சொன்னேன். சனி, சக்கரம், முருகன் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து எனக்குக் ‘கடலு’ என்று பெயர் வைத்தார்கள். பள்ளியை விட்டு வரும்வரை அதுதான் என் பெயர். பாட்டிலில் அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். பிறகு, வேலை தேடிச் சென்னைக்குப் போனபோது கடலைப் பார்த்தேன், விரலை நனைத்து நாக்கில் வைத்தும் பார்த்தேன். உப்புதான். சொல்வதற்கு அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரும் என் கூட இல்லை.

சென்ற மாதம் அப்பாவையும் அம்மாவையும் காரில் வைத்துக்கொண்டு நானே தரங்கம்பாடிக்கு ஓட்டிப்போனேன். திருநள்ளாறு பக்கமே திரும்பவில்லை. பூம்புகாருக்கும் போகலாம் என்றேன். அப்பாவுக்கு முட்டி வலி, ஒரே ஊர் போதும் என்றார். அதே பழைய வாசல், அதே தெரு. கோட்டையைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஆசையாகக் கரைக்குப் போனால், நாங்கள் நின்ற பக்கம் கால் வைக்க இடமில்லாமல் கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது, கடல் அரிக்காமல் இருக்க. கோயில் அந்தக் கற்களுக்கு மேலே ஒண்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி வழி தேடிப் பார்த்தாள். மணல் வேண்டுமென்றால் இன்னும் தெற்கே நடக்க வேண்டும் என்றார் இளநீர்க்காரர். அப்பாவால் நடக்க முடியாது, அவரைத் தனியே விட்டுப்போக அம்மாவுக்கு மனமில்லை. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை தூரம் வந்தும், அம்மாவின் கால் நனையவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அப்பாவுக்கு எந்த எரிச்சலும் இல்லை. இளநீர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் புள்ளைக்கு மொதமொதல்ல கடல் காட்டுனது நாந்தானுங்க. இதே ஊர்ல. வண்டி நிக்கவே இல்ல, ஃபர்ஸ்ட் கியர்லயே ஒரு சுத்து. மாட்டேன்னு இருந்த எங்கண்ணனையே சம்மதிக்க வெச்சனுங்க. இவ கண்ணு அப்பிடி விரிஞ்சுது.”

நான் திரும்பி, “அப்பா, நான்...” என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“உடு சாமி,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. “லோடுக்கு நிக்கற எடமெல்லாம் இதத்தான் சொல்லிட்டிருந்தாரு. இப்பப் போயி ஏன்?”

கோபப்பட இப்போது பெரியப்பா இல்லை. அவருடைய பண்ணை இருந்த இடம் வீட்டுமனையாகிவிட்டது. அந்த வேனை எந்தப் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்களோ. அப்பா எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கற்களுக்கு அப்பால் அலை எழும்பும் ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். அன்றைக்கு வண்டி வளைந்த மண்தரை அதுவரைக்கும் இருந்ததாம். அவர் கணக்குச் சரியென்றால், நான் கடலைப் பார்க்காமல் விட்ட இடம் இப்போது கடலுக்குள் கிடக்கிறது.

“தெரியுதா சாமி?” என்றார்.

“தெரியுதுங்கப்பா” என்றேன்.