சக்கரம் நின்ற பிறகும் ஒலித்த இசை

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். போரில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து, உரும்பிராயில் ஒரு வீட்டின் பின்னறையில் அம்மாவும் நானும் கிடந்த நாட்களில், உயிரோடு இருப்பவர்களுக்குப் பயப்படவே எங்களுக்கு நேரம் போதவில்லை. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வாதாட எனக்குத் தெம்பில்லை.

தம்பி ஜெர்மனிக்கென்று, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு, வழியில் ரஷ்யாவில் மாட்டிக்கொண்டான். மாதக்கணக்கில் தகவல் இல்லை. அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை, கொழும்பிலிருந்து வந்த ஒருவர், தம்பி யாரிடமோ கொடுத்துவிட்டதாக ஒரு கசெற்றைத் தந்துவிட்டுப் போனார். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட சோம்பேறிகள் அப்போது குரலைப் பதிந்து அனுப்புவார்கள். அம்மா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார், அவனே நேரில் வந்துவிட்டதைப் போல.

கரண்ட் கிடையாது, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேப் ரெக்கோடரை ஓட்டவேண்டும். கை தளர்ந்தால் குரல் இழுபடும். சுற்றினேன். தம்பியின் குரலைக் காணோம். ஏதோ நீளமான ஓசை, மேளமும் இல்லை, பாடுகிறவரும் இல்லை, மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டு போனது. நான்தான் மெதுவாகச் சுற்றுகிறேன் என்று நினைத்து, தோள்மூட்டு கழன்றுவிடும்போலச் சுற்றிப் பார்த்தேன், அது கொஞ்சமும் அவசரப்படவில்லை. கசெற்றின் உறைப் படத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள், முன்னால் கீபோர்டுகளும் வயர்க் குவியலும்.

"உது என்னடா, பாட்டோ?"

"ரண்டு பேர் மெசினிலை வாசிக்கினம் அம்மா. விசரன், கசெற்றை மாறி அனுப்பிப்போட்டான்."

"நிப்பாட்டாதை. அவன் கேட்டதுதானே, நானும் கேக்கிறன்."

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது பிடித்துப்போனது. அழு என்றோ ஆடு என்றோ அது என்னைக் கேட்கவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன், அது பெரிய உபகாரமாக இருந்தது. கடைசியில் கை மரத்து, பெடலை விட்டுவிட்டேன். சக்கரம் நின்றது. இசை நிற்கவில்லை. பற்றறிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெறுமை. அம்மா கண்ணை மூடியபடி இருந்தார். எனக்குக் குளிர் எடுத்தது.

"எழும்படா! நித்திரை கொள்ளாதை!"

அம்மாதான் கத்தினார் என்று நினைத்தேன். அந்த நொடியே இசையும் நின்றது.

அடுத்த வருடம் கொழும்புக்குப் போய்த் தம்பியோடு தொலைபேசியில் கதைத்தேன். அதே கிறிஸ்மஸுக்கு முதல் நாள் விடியற்காலையில், எல்லைக் காட்டுப் பனிக்குள் ஏஜென்சிக்காரன் இவர்களை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

"ஏலாமல் படுத்திட்டன் அண்ணை. என்னோடை படுத்தவங்கள் எழும்பேல்லை. ஆரோ தமிழிலை 'எழும்படா' எண்டு கத்தினது கேட்டுத்தான் நான் எழும்பி நடந்தனான்."

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீங்கள் கூப்பிட்டுத்தான் அம்மா அவன் பிழைச்சவன்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நான் எங்கை கத்தினனான்? நீயல்லோ கத்தினனி."

சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சு விடவே முடியாமல் நின்ற நான் அன்று வாயே திறக்கவில்லை. அந்த இருவரின் வேறு கசெற்றுகளையும் பிறகு தேடி வாங்கி விரும்பிக் கேட்டேன். ஆனால் இந்தக் கசெற்றில் அந்தக் கத்தல் எழுந்த இடம் வரும்போது மட்டும், இன்றைக்கும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.