பத்தடிக் கோடு

பூமி தடுமாறாமல் சுற்றுகிறதென்றால், பக்கத்தில் என் அத்தை ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறாள் என்கிற பயம்தான் காரணம். கயிற்றில் நடக்கிறவர்கள் அவள் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன். ஆனால் அவள் வேலை இதுதான்: எலி விழுகிறதா, இல்லையா என்று பார்ப்பது.

மருந்து ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். புது மருந்து கொடுத்த எலிக்குக் கால் தடுமாறுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு விரல் அகலக் கட்டை. இந்த முனையில் வெளிச்சம், அந்த முனையில் இருட்டுப் பெட்டி. எலிக்கு இருட்டுதான் பிடிக்கும், நடந்து போய்விடும். எத்தனை தரம் கால் வழுக்குகிறது என்று அத்தை எண்ணுவாள். கீழே மெத்தை உண்டு. இருந்தாலும் உள்ளங்கையை விரித்து, எலிக்கு ஒரு சாண் கீழே கூடவே கொண்டுபோவாள். தொடமாட்டாள். தொட்டால் அந்த நடை செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று, சுழலும் உருளை. அதன்மேல் எலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் எலி மட்டும் ஓடாமல், உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே சுற்றுமாம். அதற்கு மாப்பிள்ளை என்று பேர். நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தபோது வீடே அழுதது. அத்தை மட்டும், "மாப்பிள்ளை பரவால்லடா, அதுவாவது சுத்துது" என்றாள்.

போன மாதம் அவளுக்குக் காதுக்குள் ஏதோ கிருமி புகுந்தது. காய்ச்சல் விட்டது, தலைசுற்றல் விடவில்லை. கையில் எலியோடு சுவரைப் பிடித்து நின்றதை மேலதிகாரி பார்த்துவிட்டார். திங்கட்கிழமை மருத்துவர் முன்னால், குதிகாலும் பெருவிரலும் ஒட்ட, ஒரே கோட்டில் பத்தடி நடந்து காட்ட வேண்டும். கால் விலகினால் எலி அறை கிடையாது. சாமான் அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதலாம்.

"உட்கார்ந்த இடத்துல வேலை. கசக்குதா?" என்றார் மாமா.

"அதுங்களை யாரு பார்க்கறது? புதுசா வந்த பொண்ணு வாலைப் பிடிச்சுத் தூக்குறா."



தினமும் சாயங்காலம், வீட்டுக் கூடத்தில் இரண்டு வரிசைத் தரைக்கல் சேரும் கோட்டில் நடந்து பழகினாள். கோடு முடிகிற இடத்தில் கண்ணாடி வைத்த பீரோ. நான் பின்னாலேயே அவளைப் போல ஆடி ஆடிப் போவேன்.

"அத்தை, நாலாவது அடியில ஒரு வழுக்கல். எழுதிக்கவா?"

"எழுது. அப்படியாவது கையெழுத்து திருந்தட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தாள். என் கை அவள் முழங்கையில் பட்டுவிட்டது.

"தொட்டுட்டே. செல்லாது" என்றாள். "கையைக் கட்டிக்கிட்டு வா."

கட்டிக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தாள். பத்தடியும் நடந்தாள். பீரோவில் கை ஊன்றி நின்றாள்.

மறுநாள் மருத்துவர் முன்னால் எட்டாவது அடியில் லேசாக ஆடினாளாம். கால் மட்டும் விலகவில்லை. எலி அறைக்கே போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எப்படிச் சமாளிச்சே?" என்று மாமா கேட்டார்.

"பின்னாடி ஒரு கை வர்றதா நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு முகம் சூடானது. "எந்தக் கை? நான் உன்னைக் கிண்டல் பண்ணத்தான் வந்தேன். நேத்து நீ சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கிட்டுத்தானே வந்தேன்?"

அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"பீரோவுல கண்ணாடி இருக்குடா. மூணாவது அடியிலயே கையை அவுத்துட்டே. ஒரு சாண் தள்ளி, தொடாம."